கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் ஒரு கல்யாணம்

சேத்தாங்குளத்துக்காரர்களுக்கு மூளை கொஞ்சம் கம்மி என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. நானும் அந்த ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை, அது அநியாயமான பேச்சு. எங்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னதை அப்படியே செய்வோம். கூட்டிக் குறைத்துச் செய்கிற கெட்ட பழக்கம் எங்களுக்குக் கிடையாது. சொல்கிறவர் யோசித்துச் சொல்லாவிட்டால் அதற்கு நாங்களா பொறுப்பு? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு பிரஸ். முதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி. ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் பத்திரிகை அங்கேதான் அடிக்க வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர். மெஷின் ஓட்டுவது மாடக்கண்ணு. அண்ணாச்சியின் தங்கை பொன்னுத்தாயைக் கட்டியவர். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பது பூலோகம். பூலோகம் கண்ணாடி போட்டிருப்பார், எதையும் மூன்று தடவை யோசிப்பார். மூன்று தடவையும் மூன்று முடிவு வரும். கடைசியாக வந்ததை வைத்துக்கொள்வார்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், வெயிலுகந்தாள். வயது இருபத்தேழு, சாத்தூரில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கூடி வந்து கலைந்திருந்தது. முதல் மாப்பிள்ளை துபாய்க்குப் போனவன் போனவன்தான். இரண்டாவது சம்பந்தம் பத்திரிகையில் முறிந்தது. ஞாபகத்தை வைத்துக் கோத்ததில் சின்ன மாமா பெயர் மேலேயும் பெரிய மாமா பெயர் கீழேயும் அச்சாகி, பெரிய மாமா பந்தலுக்குக் கால் நட்ட அன்றே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர்தான் ராஜபாளையம் கனகவேல் மகன் கதிரேசன். பார்த்த அன்றே இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். வெயிலுகந்தாள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் பத்திரிகையால ஏதாவது வந்துச்சு, நான் உங்க யாரு முகத்துலயும் முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்திரிகை என்றால் எங்கள் பக்கம் விளையாட்டு இல்லை. பெண் பெயர், மாப்பிள்ளை பெயரெல்லாம் நாலு வரி. மீதி இரண்டு பக்கமும் "தங்கள் நல்வரவை விரும்பும்" சொந்தக்காரர்கள். அண்ணாச்சி வீட்டு வகையறா மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கு மேலே யார், யாருக்குக் கீழே யார் என்று 2001-ஆம் வருஷம் பொன்னுத்தாய் கல்யாணத்தின்போது ஏழு கூட்டம் போட்டுத்தான் முடிவாயிற்று. அந்த வரிசையில் ஒரு பெயர் இடம் மாறினாலும் கல்யாணம் நடக்காது.

பிரஸ்ஸில் வைத்திருந்த பழைய பத்திரிகையைக் கரையான் தின்றுவிட்டது. சொந்தக்காரர் யாரிடமாவது கேட்கலாம் என்றால், ஒருவரிடம் கேட்டால் மற்ற இருநூற்றுப் பதினோரு பேரும் 'அவரை மட்டும் ஏன் கேட்டாய்' என்பார்கள். ஆக வரிசை இருப்பது ஒரே இடத்தில்தான். அது பிரஸ்ஸில் இருந்த பழைய சாஃப்ட்வேரில் கோத்து வைத்த ஃபைல்.

அந்த சாஃப்ட்வேர் சும்மா திறக்காது. அதற்கென்று கட்டைவிரல் அளவில் டாங்கிள் என்று ஒரு சாமான் உண்டு. அதைக் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினால்தான் சாஃப்ட்வேர் கண் திறக்கும். திருட்டுத்தனமாக யாரும் நகல் எடுக்காமல் இருக்க அப்படி ஒரு பூட்டு. பழைய கம்ப்யூட்டர் ஆடி மாதம் புகைந்து நின்றுவிட்டது. புதிது வாங்கி, ஃபைலை அதற்கு மாற்றி, டாங்கிளையும் சொருகினார்கள். சாஃப்ட்வேர் வாயே திறக்கவில்லை.

அதைச் செய்து விற்றவர் ஞானாபரணம் சார். வயதாகிவிட்டது, பாளையங்கோட்டையில் ஓய்வாக இருக்கிறார். அண்ணாச்சி அவருக்குப் போன் போட்டார்.

"சாஃப்ட்வேரை முதல்ல இருந்து ஒரு தடவை ஏத்துங்க" என்றார் சார். "திரையில ஒரு கோடு வளரும். அது நூறு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. பாதியில மட்டும் அணைச்சிராதீங்க, அணைச்சா செத்துரும்."

போனை வைத்து, சாஃப்ட்வேரை ஏற்ற விட்டதும் மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு அறையின் நடுவில் நின்றார்கள். கோடு பன்னிரண்டில் இருந்தது.

"அண்ணாச்சி, தரையைத் தொட்டுக்கிட்டு நிக்கோமே?" என்றார் மாடக்கண்ணு.

பூலோகம் யோசித்தார். "செருப்புப் போட்டிருக்கோம். தரையைத் தொடுறது செருப்பு. நாம இல்லை."

"செருப்பை நாம தொடுறோமே?"

"அது சார் சொல்றதுக்கு முன்னாடியே தொட்டுக்கிட்டு இருந்தது. புதுசா நாம எதையும் தொடலை. நீ பாட்டுக்கு நில்லு."

அண்ணாச்சியின் மனைவி கோமதி டீ கொண்டுவந்தாள். மூன்று பேரும் கையை இறக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாற்பது நிமிஷம் கழித்துக் கோடு நூறைத் தொட்டபோது டீயில் ஆடை கட்டியிருந்தது.

சாஃப்ட்வேர் அப்போதும் திறக்கவில்லை. மறுபடி போன்.

"புது சிஸ்டத்துல அப்படித்தான்" என்றார் சார். "அதோட பேரு மேல மவுஸை வச்சு வலது பக்கம் அமுக்குங்க. பழைய சிஸ்டம்னு ஒரு கட்டம் வரும், அதுல டிக் அடிங்க. தேதியையும் 2001-க்கு மாத்திருங்க. தான் புதுக் கம்ப்யூட்டர்ல இருக்கிறது அதுக்குத் தெரியக் கூடாது. இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கோம்னு அதை நம்ப வைக்கணும், அம்புட்டுதான்."

டிக் அடித்தார்கள். தேதியை மாற்றினார்கள். திறக்கவில்லை.

"நம்பலை" என்றார் அண்ணாச்சி.

"எப்பிடி நம்பும்?" என்றார் பூலோகம். "பழைய காலம்னு நாம ஒரு டிக் அடிச்சிட்டோம். அது சுத்திப் பார்க்குது. சுவத்துல இந்த வருஷத்துக் காலண்டர் தொங்குது. உங்க கையில டச் போன். மேல எல்.இ.டி. பல்பு. சின்னப் பிள்ளை கூட நம்பாதுல்ல?"

அவ்வளவு பெரிய நியாயத்தை எதிர்த்து என்ன பேச முடியும்? அன்றைக்கே பிரஸ் 2001-க்குப் போவது என்று முடிவாயிற்று. எந்த மாதம் என்பதிலும் குழப்பம் இல்லை. ஃபைல் கோத்தது ஆகஸ்ட் மாதம், பொன்னுத்தாய் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முந்தி.

எல்.இ.டி. பல்பைக் கழற்றிக் குழல் விளக்கு மாட்டினார்கள். 2001 காலண்டர் பரணில் கிடைத்தது. போன்களையெல்லாம் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார்கள். அதோடு ஞானாபரணம் சாரிடம் சந்தேகம் கேட்கிற வழியும் மூடிப்போயிற்று. பரவாயில்லை, சார் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார் என்றார் அண்ணாச்சி.

ஆட்கள் விஷயத்தில்தான் சிக்கல். 2001-இல் பூலோகத்துக்குக் கண்ணாடி கிடையாது. கழற்றி வைத்தார். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆளுக்கு அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் தெரியவில்லை. மாடக்கண்ணு அப்போது ஒல்லி, அதனால் கம்ப்யூட்டரைத் தாண்டும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். ஒருநாள் முழுக்க அப்படிப் போய் வந்த பிறகு பூலோகத்துக்கு வேறொன்று தோன்றியது.

"அண்ணாச்சி, இவரு அப்ப நம்ம பிரஸ்லயே இல்லையே. பஸ் ஸ்டாண்டு பிரஸ்லல்ல மெஷின் ஓட்டுனாரு?"

"ஆமா மாப்ள" என்றார் அண்ணாச்சி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமா தம்பி. நீ இன்னும் எங்க வீட்டு மாப்பிள்ளை ஆகலை. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல வந்து நிக்கிறது நல்லா இல்லை. உன் வேலையைப் பார்க்கப் போ."

மாடக்கண்ணு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அந்த பிரஸ்ஸை மூடிப் பத்து வருஷம் ஆகிறது, இப்போது அங்கே பேக்கரி. மெஷின் நின்ற இடத்தில் இப்போது ரொட்டி அடுப்பு. அடுப்புப் பக்கத்தில் போய்க் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்றார். மதியம் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தார். பேக்கரிக்காரர் முதல் நாள் பஃப்ஸ் வேண்டுமா என்று கேட்டார், இரண்டாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை.

பொன்னுத்தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணம் ஆகாத பெண் வேறு எங்கே இருப்பாள்? நாற்பத்தாறு வயதில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டாள், அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. கோமதி மட்டும் இதில் சேரவில்லை. "நீங்க எந்த வருஷத்துக்கு வேணாலும் போங்க. சோறு இந்த வருஷத்துலதான் போடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் முன்னால் 2001-க்குப் பின்னால் நடந்த எதையும் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு. எது எந்த வருஷம் நடந்தது என்று யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லாததால் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

இவ்வளவு செய்தும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "எம்மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் பூலோகம்?"

பூலோகம் டாங்கிளை உருவி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். "காட்டிக் கொடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"இதுதான். அண்ணாச்சி, 2001 ஆகஸ்ட்ல இது புதுசு. ஒரு ஆயுத பூஜையைக் கூட இது இன்னும் பார்க்கலை. அப்படி இருக்க, இதுமேல இருபத்து நாலு ஆயுத பூஜைச் சந்தனம் எப்படி வந்துச்சு?"

உண்மைதான். வருஷா வருஷம் மெஷினுக்கும் கத்திரிக்கும் வைக்கிற மாதிரி டாங்கிளுக்கும் நாலு பக்கமும் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார்கள். சொருகுகிற முனை வரைக்கும் அடை அடையாக ஏறியிருந்தது. மாடக்கண்ணுவைப் பேக்கரியிலிருந்து வரவழைத்து, வாசலில் நிறுத்தி, மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து பச்சை நிறம் வந்தது. அது பச்சை என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

சொருகினார்கள். டாங்கிளில் ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. ஃபைல் திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் போட்டது போட்டபடி வரிசையில் இருந்தார்கள். அண்ணாச்சி கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். காலண்டர் மாற்றியதுதான் காரணம் என்று அண்ணாச்சியும், இரட்டைச் சடைதான் காரணம் என்று பொன்னுத்தாயும் இன்றுவரை சொல்கிறார்கள்.

இனி மேலே உள்ள நாலு வரியை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. பொன்னுத்தாய் என்று இருக்கிற இடத்தில் வெயிலுகந்தாள், மாடக்கண்ணு இருக்கிற இடத்தில் கதிரேசன், பிறகு தேதி. பூலோகம் விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் அப்படியே நின்றது. அண்ணாச்சியை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, 2001-ல பாப்பாவுக்கு என்ன வயசு?"

"மூணு."

"மூணு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகைன்னு அடிச்சா அது என்ன நினைக்கும்? ஒண்ணு, நம்மளைப் பத்தித் தப்பா நினைக்கும். இல்லைன்னா இது 2001 இல்லைன்னு கண்டுபிடிச்சிரும்."

"தேதியை மட்டுமாவது மாத்துவோமா?"

"இருபத்து நாலு வருஷம் முன்கூட்டியே பத்திரிகை அடிக்கிறவன் எவனாவது உண்டா?"

அண்ணாச்சி வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். பட்டியல் தப்பினால் கல்யாணம் நிற்கும், அது அவருக்குத் தெரியும். பெண் பெயர் தப்பினால் கல்யாணம் நின்றதாக அவர் கேள்விப்பட்டதில்லை. "இருக்கிறபடியே அடி" என்றார்.

அடித்தார்கள். பத்திரிகை அருமையாக வந்திருந்தது. 2001-ஆம் வருஷம் ஆவணி மாதம் பொன்னுத்தாய்க்கும் மாடக்கண்ணுவுக்கும் திருமணம், அனைவரும் வருக. செத்துப்போன பதினெட்டுப் பேர் உயிரோடு இருந்தார்கள்.

மறுநாள் சம்பந்தி கனகவேல் ராஜபாளையத்திலிருந்து பத்திரிகையைப் பார்க்க வந்தார். கம்ப்யூட்டருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மருமக எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா இருக்கா. பால்வாடிக்குப் போயிருக்கா."

கனகவேல் அவரையும் பார்த்தார், காலண்டரையும் பார்த்தார். பூலோகம் அவர் காதோடு காதாக எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். வேறு ஆளாக இருந்தால் அப்போதே எழுந்து போயிருப்பார். கனகவேல் விரல் விட்டு எண்ணினார். "அப்ப எங்க பயலுக்கு ஏழு வயசு. ரெண்டாவது படிக்கிறான். இந்த மாசம்தான் அவனுக்கு அம்மை போட்டுச்சு" என்றார். சம்பந்தம் பொருத்தமான இடத்தில்தான் அமைந்திருக்கிறது என்று அண்ணாச்சிக்கு அந்த நிமிஷம் நிம்மதி வந்தது.

திடீரென்று கனகவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பன்னா எங்க அண்ணன் உயிரோட இருப்பாரே! அவரு போனது 2010-ல. ஒரு போன் போட்டுப் பேசிரட்டுமா?"

"தாராளமா" என்றார் அண்ணாச்சி.

கனகவேலின் முகம் மெல்ல வாடியது. "முடியாதே. அந்த வருஷம் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கனகவேல் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்து, "எங்க ஆளுக பேரு ஒண்ணும் காணோமே?" என்றார்.

"நாம இன்னும் சம்பந்தி ஆகலையே அண்ணாச்சி" என்றார் தவசிலிங்கம் அண்ணாச்சி.

"நியாயம்தான். 2001-ல உங்களை எனக்கு யாருன்னே தெரியாது." அப்படிச் சொன்ன கனகவேலுக்கு உடனே சங்கடமாகிவிட்டது. "தெரியாத ஆள் வீட்டுல நான் எதுக்கு உட்கார்ந்திருக்கேன்?" என்று எழுந்து, விடை பெறாமலே போய்விட்டார். தங்கள் பக்கத்துப் பத்திரிகையை ராஜபாளையத்திலேயே அடித்துக்கொண்டார். அங்கே இருக்கிற பிரஸ் நடப்பு வருஷத்தில்தான் ஓடுகிறது.

வெயிலுகந்தாள் சனிக்கிழமை வந்து பத்திரிகையைப் பார்த்தாள். "என் பேரு எங்கப்பா?"

"உனக்கு மூணு வயசு தாயி."

அவள் பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவின் மடியில் போய் விழுந்து அழுதாள். கோமதி அவள் தலையைத் தடவினாள். "விடுடி. தாலி கழுத்துலதான ஏறப் போகுது, பத்திரிகையிலயா ஏறுது?"

அறுநூறு பத்திரிகை ஊர் ஊராகப் போயிற்று. தேதியை நேரில் அழைக்கும்போது வாயால் சொன்னார்கள். எனக்கும் ஒன்று வந்தது. நான் நூற்று நாற்பத்து ஒன்றாவது ஆள், சரியாக இருந்தது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வாங்கின ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடினார்கள், மேலே யார் கீழே யார் என்று பார்த்தார்கள், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். அப்பாவோ பெரியப்பாவோ மறுபடி உயிரோடு இருந்த வீடுகளில் கூடுதல் சந்தோஷம்.

இதோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பத்திரிகை அடித்தவருக்கு முதல் பத்திரிகை வைப்பது வழக்கம். இந்தத் தடவை உண்மையில் பாடுபட்டது யார்? வெற்றிலை பாக்கு, பழத்தோடு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பத்திரிகையை வைத்துவிட்டார் அண்ணாச்சி. வைத்து அழைத்த பிறகு விட்டுவிட்டுப் போக முடியுமா?

கல்யாணத்தன்று காலை கம்ப்யூட்டரை மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அணைத்தால் செத்துரும் என்று சார் சொல்லியிருந்ததால், ஓடுகிற நிலையிலேயே யு.பி.எஸ். பெட்டியோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள். மவுஸைப் பூலோகம் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். முதல் வரிசையில் சிவப்பு நாற்காலி போட்டு, துண்டு விரித்து, மேடையைப் பார்க்க உட்கார வைத்தார்கள்.

அது பார்க்கும்போது மேடையில் பத்திரிகையில் உள்ளபடிதானே நடக்க வேண்டும்? மாடக்கண்ணுவும் பொன்னுத்தாயும் பட்டு உடுத்தி, மாலை போட்டு மணையில் உட்கார்ந்தார்கள். நிஜக் கல்யாணத்துக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் பாய் விரித்திருந்தது. முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. மேடைக் கல்யாணம் பத்து மணிக்குள் முடிந்துவிடும், புரோகிதர் உடனே பின்னால் போய் அடுத்ததை முடித்துவிடலாம் என்பது பூலோகத்தின் கணக்கு. ஆனால் பொன்னுத்தாய் எதையும் விடமாட்டேன் என்றுவிட்டாள். போன தடவை அவசரத்தில் விட்ட சடங்கையெல்லாம் இந்தத் தடவை செய்ய வேண்டும் என்றாள்.

மணி பத்து பத்து. மணப்பெண் அறைக் கதவு திறந்தது. வெயிலுகந்தாள் முழு அலங்காரத்தோடு முன்வரிசைக்கு வந்து நின்றாள்.

அண்ணாச்சி பதறிப் போய் அவளை மறைத்தார். "உள்ள போ தாயி! மூணு வயசுப் பிள்ளை இம்புட்டு உசரமா இருந்தா அது என்ன நினைக்கும்?"

"அப்பா, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. இந்த முகூர்த்தமும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். நான் மேடையிலதான் உட்காருவேன். ஒரு டப்பாவுக்குப் பயந்து சாம்பார் அண்டாவுக்கு நடுவுல உட்கார மாட்டேன்."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். யு.பி.எஸ். பெட்டியிலிருந்து ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

திரை கறுத்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நாதஸ்வரமும் நின்றது.

மேடையிலிருந்து மாடக்கண்ணு எழுந்தார். மாலையைக் கழற்றினார். "மச்சான்... போயிருச்சு."

பூலோகம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சூடு இருக்கு. இப்பத்தான் போயிருக்கு."

பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். புரோகிதர் புத்தகத்தை மூடிவிட்டு, "மண்டபத்துல சாவு விழுந்தா எப்படித் தாலி கட்டுறது? தீட்டாச்சே" என்றார். வெயிலுகந்தாளின் முகம் வெளுத்துவிட்டது. ஒயர் இன்னும் அவள் கையில் இருந்தது. மணி பத்து பதினேழு.

அப்போது மாப்பிள்ளை கதிரேசன் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான். வேட்டியில் சாம்பார் பட்டிருந்தது. "தீட்டு சொந்தக்காரங்களுக்குத்தான? செத்தது நமக்கு என்ன உறவு?" என்று கேட்டான்.

யாருக்கும் தெரியவில்லை. பூலோகம் மூன்று தடவை யோசித்தார். "பட்டியலைப் பார்த்தாத் தெரிஞ்சிரும். உறவுன்னா பேரு இருக்கும்."

வந்திருந்தவர்கள் எல்லோரும் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர், "இங்க பாருங்க, பொண்ணு பேரு பொன்னுத்தாய்னு போட்டிருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அது உங்களுக்கு எதுக்கு? கேட்டதை மட்டும் பாருங்க" என்று அடக்கினார். எட்டு நிமிஷத்தில் படித்து முடித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் கம்ப்யூட்டர் என்று ஒருவரும் இல்லை.

"அந்நியம்!" என்று அறிவித்தார் பூலோகம். "நமக்குத் தீட்டில்லை. தாலியைக் கட்டுங்க!"

பத்து இருபத்தேழுக்குக் கதிரேசன் வெயிலுகந்தாள் கழுத்தில், மேடையில், எல்லோரும் பார்க்கத் தாலி கட்டினான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதை மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

சாப்பாடு முடிந்ததும், அந்நியம் என்றாலும் ஒரு முறை இருக்கிறதல்லவா, எல்லோரும் பட்டியல் வரிசைப்படி வந்து அண்ணாச்சியிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். கனகவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல சாவு அண்ணாச்சி. வந்த சனம் கல்யாணத்தையும் சாவுத் துட்டியையும் ஒரே பஸ்ல வந்து பார்த்துட்டுப் போயிருச்சு" என்று ஆறுதல் சொன்னார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனதால் போன்களை அரிசி டிரம்மிலிருந்து எடுத்தார்கள். அண்ணாச்சி முதல் வேலையாக ஞானாபரணம் சாரைக் கூப்பிட்டார்.

"சார், கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. கம்ப்யூட்டர்தான் தவறிப்போச்சு. எம்மகளுக்காக இம்புட்டுப் பாடுபட்ட சீவன், பதினாறு விசேஷத்தை நல்லபடியாச் செய்யணும்னு இருக்கோம். அதுக்குப் பத்திரிகை அடிக்கணும். ஆனா வரிசை பூரா அதுக்குள்ளதான் இருக்கு."

"சுவிட்சைப் போட்டுப் பார்த்தீங்களா? ஓடலையா?" என்றார் சார்.

"ஓடுது சார், நல்லா ஓடுது. ஆனா கருமாதிப் பத்திரிகையில அதோட பேரைத்தான போடணும்? படிச்சுப் பார்த்துச்சுன்னா, தான் செத்துப்போனது அதுக்குத் தெரிஞ்சிருமே. அது தெரியாம அடிக்கிறதுக்கு எங்க டிக் அடிக்கணும்?"